பீதி நோய்க்கு மாத்திரையா, பயிற்சியா: எது எங்கே வேலை செய்கிறது?

திடீரென்று கடும் பயமும் படபடப்பும் எழுவதுதான் பேனிக் அட்டாக், அதாவது பீதித் தாக்குதல்; அது திரும்பத் திரும்ப வந்தால் பீதி நோய். வந்தது பேனிக் அட்டாக்தான் என்று உறுதியான பிறகு, முன்னால் இருக்கும் வழிகள் ஒன்றும் அதிகமில்லை. தினமும் சாப்பிடும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை; படபடப்பு வந்ததும் போட்டுக்கொள்ளும் பென்சோடயஸபைன் மாத்திரை; சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. இவற்றைச் சுற்றி மூச்சுப் பயிற்சி, ஓட்டம், காபியைக் குறைப்பது என்று சில துணை வழிகள். தேர்ந்தெடுக்க உட்காரும்போது காதில் விழும் பேச்சு மட்டும் பெரும்பாலும் இரண்டே விதம். "மூளையில் செரட்டோனின் குறைஞ்சிருக்கு, மாத்திரை போட்டா சரியாகிவிடும்" என்பது ஒன்று (செரட்டோனின் என்பது நரம்பணுக்களுக்கு நடுவே சைகை கடத்தும் ஒரு வேதிப்பொருள்). "எல்லாம் மனசுதான், பயப்படாம இரு" என்பது இன்னொன்று. முதலாவதை நம்புகிறவர் பயிற்சியை நேர விரயம் என்று ஒதுக்குகிறார். இரண்டாவதை நம்புகிறவருக்கு மாத்திரை என்றாலே தோல்வியாகத் தெரிகிறது.

ஒப்பிட வேண்டியது வேறு இரண்டு விஷயங்கள் என்பது என் கருத்து. அந்தச் சிகிச்சை பீதியின் எந்தக் கட்டத்தில் தலையிடுகிறது? அதை நிறுத்திய பிறகு நம்மிடம் என்ன மிஞ்சுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிய, பீதி வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஊசியில் வந்த பீதி

1967இல் பிட்ஸ், மெக்ளூர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பதற்ற நோய் உள்ளவர்களுக்குச் சோடியம் லாக்டேட் கரைசலை நரம்பு வழியாக ஏற்றியபோது பலருக்கும் அங்கேயே பீதித் தாக்குதல் வந்தது. நோய் இல்லாதவர்களுக்கு அப்படி வருவது அரிது. தசைகள் கடுமையாக உழைக்கும்போது உடம்பே உற்பத்தி செய்யும் பொருள்தான் லாக்டேட். அது பீதியைக் கிளப்புகிறது என்றால், இந்த நோயின் வேர் வளர்சிதை மாற்றத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை.

அப்புறம் கரியமில வாயுவின் முறை வந்தது. 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுத்தால் போதும். பீதி நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்குச் சில நொடிகளில் தாக்குதல் வந்துவிடுகிறது. இதையெல்லாம் வைத்து டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர் 1993இல் ஒரு விளக்கம் சொன்னார். மூச்சுத் திணறலைக் கண்டுபிடிக்க மூளையில் ஓர் எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. பீதி நோயில் அது காரணமில்லாமல் அலறுகிறது என்பது அவர் வாதம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கரியமில வாயு ரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளும். லாக்டேட் ஏற்றினால் அது உடம்பில் பைகார்பனேட்டாக மாறி ரத்தம் காரப் பக்கம் போகும். வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் காரப் பக்கம்தான் போகும். திசைகள் எதிரெதிராக இருந்தும் பீதி வருகிறது. காபியில் உள்ள காஃபீனும் அதிக அளவில் அதையே செய்கிறது. அது தொடுவதோ அடினோசின் என்ற முற்றிலும் வேறான ஒரு பாதையை. ஆக, "இந்த ஒரு வேதிப்பொருள் கெட்டுப்போனதால் இந்த நோய்" என்று விரல் நீட்ட முடியவில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொதுவானது, உடம்புக்குள் திடீரென்று எழும் பலமான ஓர் உணர்வு: நெஞ்சு அடித்துக்கொள்வது, மூச்சு முட்டுவது, தலை லேசாவது.

பயத்தின் இருப்பிடம் என்று சொல்லப்படும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியும் முழுக் கதை இல்லை. இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துபோன மூன்று பேருக்குக் கரியமில வாயு கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. பாம்பைப் பார்த்தாலும் பயம் வராத பெண் ஒருவரும் அவர்களில் இருந்தார். மூவருக்குமே பீதி வந்தது. பயத்துக்கு வெளியிலிருந்து வரும் வழி ஒன்று, உடம்புக்குள்ளிருந்து வரும் வழி வேறொன்று என்று தெரிகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1989இல் நடந்தது. பீதி நோய் உள்ள 20 பேர் 5.5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தார்கள். எதிரே ஒரு விளக்கு. அது எரியும்போது கையில் உள்ள திருகைத் திருப்பினால் வாயுவைக் குறைக்கலாம் என்று எல்லாரிடமும் சொல்லப்பட்டது. பாதிப் பேருக்கு விளக்கு எரிந்தது, பாதிப் பேருக்கு எரியவே இல்லை. உண்மையில் திருகு எதனோடும் இணைக்கப்படவில்லை. விளக்கு எரியாதவர்களில் 80 விழுக்காட்டினருக்குத் தாக்குதல் வந்தது. எரிந்தவர்களில் 20 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. வாயு ஒன்றே, நுரையீரலுக்குள் போன அளவும் ஒன்றே.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தில் நலமானவர்களுக்கு மறுபடி லாக்டேட் ஏற்றினால் பீதி வருவது வெகுவாகக் குறைகிறது. சிபிடியில் நலமானவர்களுக்குக் கரியமில வாயு கொடுத்தாலும் அதே கதைதான். பேச்சும் பயிற்சியும் வேதியியல் சோதனையின் முடிவையே மாற்றிவிடுகின்றன. மூளை வேதியியல் என்றால் மாத்திரை, மனசு என்றால் பேச்சு என்று பங்கு பிரிப்பது இந்த இடத்தில் செல்லாது.

சிறுநீரிலோ ரத்தத்திலோ செரட்டோனின் அளவு பார்த்து மாத்திரையைத் தேர்ந்தெடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்துங்கள். உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கிறது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அந்த எண் மூளையைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒப்பீட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு வரும். இதயத் துடிப்புக் கோளாறு, ரத்தச் சோகை, சர்க்கரை திடீரென்று இறங்குவது, ஆஸ்துமா, குடியை நிறுத்திய உடன் வரும் நடுக்கம், எல்லாமே பேனிக் அட்டாக் மாதிரியே தெரியலாம். தைராய்டுக்கு ஒரு டிஎஸ்ஹெச் பரிசோதனை, ஒரு இசிஜி, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின் என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். அவை சரியாக இருந்த பிறகும் மாதாமாதம் எடுத்துக்கொண்டே இருப்பது நோய்க்குத் தீனி போடும் வேலை. ஒவ்வொரு நல்ல முடிவும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பும்.

காபியும் எனர்ஜி பானங்களும் இதே கட்டத்தில் பார்க்க வேண்டியவை. காஃபீனின் பாதி உடம்பை விட்டுப் போகச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கர்ப்பக் காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அது இன்னும் நீளும். கல்லீரலில் காஃபீனைச் சிதைக்கும் நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், நண்பர் இரவு ஒன்பது மணிக்குக் குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்பது நமக்கு ஒரு சான்று ஆகாது. ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் தலைவலி வரும்; படிப்படியாகக் குறைப்பது நல்லது. இது மட்டும் பீதி நோயைத் தீர்த்துவிடாது. ஆனாலும் வேறு எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் முதல் வாரத்திலேயே செய்துவிடக்கூடிய வேலை.

உடனே கேட்கும் மாத்திரை

பென்சோடயஸபைன் குடும்பத்தின் முதல் மருந்து 1960இல் சந்தைக்கு வந்தது, டயஸபாம் 1963இல். அல்ப்ரஸோலம், க்ளோனஸபாம், லோரஸபாம் எல்லாம் இதே குடும்பம். மூளையில் நரம்புகளை அடக்கும் முக்கியமான சைகைப் பொருள் காபா. அது வந்து ஒட்டும் ஏற்பியில் இந்த மருந்தும் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, காபாவின் வேலையைப் பலமாக்குகிறது. குளோரைடு வாயில்கள் அடிக்கடி திறக்கின்றன, நரம்பு அணுக்கள் சுலபத்தில் கிளர்ந்தெழுவதில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் உடம்பு தளர்கிறது. இந்த வேகத்துக்கு வேறு எந்த வழியும் ஈடில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கிவிடும். மாத்திரை ரத்தத்தில் கலந்து மூளையை அடையும்போது மோசமான பகுதி முடிந்திருக்கும். மூளையோ "மாத்திரைதான் காப்பாற்றியது" என்று எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை மாத்திரை பையில் இல்லாமல் வெளியே போக முடியாது. பேனிக் அட்டாக் ஆளைக் கொல்லாது என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கே பறிபோகிறது. இந்த இழப்பு, மருந்துச் சீட்டில் அச்சடித்த எந்தப் பக்க விளைவைவிடவும் பெரியது என்று நினைக்கிறேன்.

தினமும் சாப்பிட்டால் இன்னொரு பிரச்சினை. சில வாரங்களிலேயே ஏற்பிகள் மருந்துக்குப் பழகுகின்றன. அல்ப்ரஸோலத்தின் பாதி அளவு சுமார் 11 மணி நேரத்தில் வெளியேறிவிடும் என்பதால், இரண்டு வேளைகளுக்கு நடுவிலேயே பதற்றம் எட்டிப் பார்க்கும். அதை நோய் கூடிவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. வட்டிக்கு வாங்கிய பணத்தில் வட்டியைக் கட்டுவது மாதிரிதான் அது. நீண்ட நாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மதுவோடும் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கக்கூடும். சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல், பீதி நோய்க்கு இந்த மருந்துகளை எழுதவே வேண்டாம் என்கிறது. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். சாப்பாடும் தூக்கமும் போய், வேலைக்கே போக முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு, மற்ற மருந்து பிடிக்கும்வரை இரண்டு மூன்று வாரம் பாலமாக இருக்கலாம். முடிக்கும் தேதியை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மெதுவாகக் கேட்கும் மாத்திரை

செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், பரோக்ஸெடின், ஃபுளுவாக்ஸெடின் முதலியவை எஸ்எஸ்ஆர்ஐ; மனச்சோர்வுக்கும் இவற்றையே கொடுப்பார்கள். நரம்பு முனைகளுக்கு நடுவே வெளியான செரட்டோனினை மறுபடி உள்ளே இழுக்கும் கடத்தியை இவை அடைக்கின்றன. இந்த அடைப்பு முதல் நாளே நடந்துவிடுகிறது. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: செரட்டோனின் சுரக்கும் அணுக்களிலேயே ஒரு கட்டுப்பாட்டு ஏற்பி இருக்கிறது. செரட்டோனின் கூடியதும் அது சுரப்பைக் குறைக்கச் சொல்லும். வாரக்கணக்கில் தூண்டப்பட்டு அந்த ஏற்பி மரத்துப்போன பிறகுதான் ஒட்டுமொத்தச் சைகை உயர்கிறது. காலியான தொட்டியை நிரப்பும் வேலையாக இருந்தால் முதல் வாரத்திலேயே சரியாகியிருக்க வேண்டுமே.

பீதி நோய் உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது முதல் இரண்டு வாரம். பலருக்கு அந்த நாட்களில் படபடப்பு கூடும். உடம்பின் ஒவ்வொரு அசைவையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு இது பெரிய அதிர்ச்சி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நான்காவது நாளே தூக்கிப் போட்டுவிடுவார். அதனால்தான் மனச்சோர்வுக்குத் தொடங்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்குவது வழக்கம். குமட்டல் பெரும்பாலும் போய்விடும். பாலியல் நாட்டக் குறைவும் உச்சம் தாமதமாவதும் மருந்து உள்ளவரை நீடிக்கலாம். இதை மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்ற எச்சரிக்கை மருந்தின் விவரக் குறிப்பிலேயே உண்டு. கூட இருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே குடும்பமாக இருந்தாலும் இவை ஒன்றுபோல இல்லை. ஃபுளுவாக்ஸெடினும் அது சிதைந்து உண்டாகும் பொருளும் உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால், நிறுத்துவது ஓரளவு எளிது. பரோக்ஸெடின் ஒரு நாளில் பாதி போய்விடும். ஒரு வேளை தவறினாலே தலைசுற்றலும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஓர் உணர்வும் சிலருக்கு வரும். இதே குடும்பத்தின் இன்னொரு மருந்தான ஃபுளுவாக்ஸமின் காஃபீனைச் சிதைக்கும் நொதியையே பலமாகத் தடுக்கிறது. வழக்கமாகக் குடிக்கும் இரண்டு கப் காபி அப்போது பல மடங்கு நேரம் உடம்பில் நிற்கும்; புதிதாக வந்த படபடப்புக்கு மருந்து காரணமா காபி காரணமா என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும். எஸ்சிடலோபிராமைச் சிதைக்கும் நொதி பிறப்பிலேயே மெதுவாக வேலை செய்கிறவர்களுக்குச் சிறிய அளவே பெரிதாகப் படும்.

பலன் கிடைத்தால் ஒரு வருடமாவது தொடர்ந்துவிட்டு மெதுவாகக் குறைப்பது பொதுவான நடைமுறை. சாதாரண அளவிலேயே கடத்திகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அடைபட்டுவிடுகிறது. ஆகவே மேலிருந்து பாதியாகக் குறைக்கும்போது ஒன்றும் தெரியாது, கடைசிச் சிறு துண்டை விடும்போதுதான் உடம்பு முரண்டு பிடிக்கும். கடைசிப் படிகளை மிகச் சிறியதாக வைப்பது இதனால்தான்.

பயத்தை வேண்டுமென்றே வரவழைப்பது

சிபிடி என்றதும் சாய்வு நாற்காலியும் குழந்தைப் பருவக் கதையும் நினைவுக்கு வந்தால், அது வேறு சிகிச்சை. பீதி நோய்க்கான சிபிடியில் செய்வது இதுதான்: சுழலும் நாற்காலியில் சுற்றித் தலைசுற்ற வைப்பார்கள், மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடச் சொல்வார்கள், படியேறி ஓடச் சொல்வார்கள், ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள். கடைசியில் சொன்னது முக்கியம். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை லேசாகிறது. ரத்தம் காரத்தன்மை அடைவதால் தனி நிலையிலுள்ள கால்சியம் குறைந்து விரல்களும் உதடுகளும் கூசுகின்றன. இதுநாள்வரை பக்கவாதம், மாரடைப்பு என்று நினைத்துப் பதறியது இந்த வேதியியலைத்தான் என்பது தன் உடம்பிலேயே நிரூபணமாகிறது. விளக்கு எரிந்த அந்தப் பாதிப் பேரின் நிலை இது; ஆனால் இங்கே திருகு நிஜமானது.

உடம்பு உணர்வு எழுகிறது, அதை ஆபத்து என்று மூளை படிக்கிறது, பயம் கூடுகிறது, உணர்வு இன்னும் பலமாகிறது. 1986இல் டேவிட் க்ளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விளக்கிய சுழல் இது. மாத்திரைகள் உணர்வையும் பயத்தையும் மட்டுப்படுத்துகின்றன. சிபிடி நடுவில் உள்ள 'படிப்பை' மாற்றுகிறது. அதனால்தான் விட்ட பிறகும் மிஞ்சுகிறது. 2000இல் வெளியான, 312 பேர் பங்கேற்ற ஓர் ஆய்வில் சிபிடி, இமிப்ரமின், இரண்டும் சேர்ந்தது, வெற்று மாத்திரை ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். சிகிச்சை நடந்தபோது இரண்டும் சேர்ந்தது கொஞ்சம் முன்னால் நின்றது. எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது சிபிடி மட்டும் பெற்றவர்கள் நன்றாகவே இருந்தார்கள். இமிப்ரமினும் சிபிடியும் சேர்த்துப் பெற்றவர்களில் பலர் சரிந்திருந்தார்கள். மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரையோடு சிபிடி பெற்றவர்கள் சரியவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கிடைப்பது கடினம். "மூச்சை இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள்" என்பதோடு முடித்துவிட்டு அதற்குச் சிபிடி என்று பெயர் வைப்பவர்கள் நிறைய. முதல் சந்திப்பிலேயே "உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சி செய்வீர்களா?" என்று கேட்டுவிடலாம். இல்லை என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். வீட்டுப்பாடம் உண்டு, அது சுகமான வேலையும் இல்லை. இதய நோய், வலிப்பு, கடும் ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் இந்தப் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

மற்ற வழிகள்

வாரத்தில் சில நாள் ஓடுவது பயன் தருகிறது. 1998இல் 46 பேரோடு நடந்த ஆய்வில் பத்து வார ஓட்டம் வெற்று மாத்திரையை வென்றது, க்ளோமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்திடம் தோற்றது. ஓட்டத்தில் மூச்சு வாங்கி நெஞ்சு அடித்துக்கொள்வதே ஒரு மறைமுகப் பயிற்சி என்பதால் சிபிடிக்கு நல்ல துணை. இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரை மேடைப் பதற்றத்துக்குச் சரி, பீதி நோய்க்கு ஆதாரம் பலவீனம், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. பஸ்பிரோன் பொதுவான பதற்ற நோய்க்குக் கேட்கும், பேனிக்குக் கேட்காது. மூச்சுப் பயிற்சியில் ஆழமாக இழுப்பதைவிட மெதுவாகவும் குறைவாகவும் விடுவதுதான் விஷயம். ஆழமாக வேகமாக இழுத்தால் கரியமில வாயு இன்னும் குறையும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை விட்டுவிடுங்கள். வந்தது உண்மையான ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது உயிருக்கு ஆபத்து.

யாருக்கு எது?

தாக்குதல் வருகிறது, ஆனாலும் வேலைக்குப் போய்வர முடிகிறது, நல்ல சிகிச்சையாளரும் கிடைக்கிறார் என்றால் சிபிடியில் தொடங்குவேன். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், அல்லது வீட்டு வாசலைத் தாண்டவே முடியாத நிலை என்றால், அல்லது சிகிச்சையாளரே கிடைக்கவில்லை என்றால் எஸ்எஸ்ஆர்ஐ, பாதி அளவில், முதல் இரண்டு வாரம் பற்றித் தெரிந்துகொண்டு. மாத்திரையில் தொடங்கியவர் சிபிடியைப் பிறகு சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் அதை மாத்திரை குறையும் மாதங்களிலும் தொடர வேண்டும். மாத்திரை இல்லாத உடம்போடும் அந்தப் பயிற்சிகளைச் செய்து பார்த்திருக்க வேண்டும். மேலே சொன்ன சரிவுக்கு எதிராக என்னிடம் இருக்கும் ஒரே யோசனை அதுதான்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பென்சோடயஸபைன் சாப்பிட்டு வருகிறவர் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்தக்கூடாது. மருத்துவரோடு உட்கார்ந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்துக்கொண்டு குறைக்க வேண்டும். சில நேரம் அல்ப்ரஸோலத்தை நீண்ட நேரம் தங்கும் டயஸபாமாக மாற்றிக்கொண்டு குறைப்பார்கள். குறைக்கும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் பீதி போலவே இருக்கும், ஆகவே அந்த மாதங்களிலும் சிபிடி கைகொடுக்கிறது.

எதையெடுத்தாலும் அதற்கு ஒரு நியாயமான காலக்கெடு கொடுங்கள். சரியான அளவில் 12 வாரம் சாப்பிட்டும் மாற்றமில்லை என்றால் வேறு மாத்திரையோ வேறு வழியோ பார்க்க வேண்டும். சிபிடிக்கு நைஸ் சொல்வது மொத்தம் 7 முதல் 14 மணி நேரம், பெரும்பாலும் வாரம் ஒரு முறை, நான்கு மாதத்துக்குள். எட்டாவது சந்திப்பிலும் ஒரு முறைகூடத் தலைசுற்ற வைக்கவில்லை, படியேறி ஓடச் சொல்லவில்லை என்றால் சிபிடி பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அது இன்னும் தொடங்கவே இல்லை.